வீட்டுக்கு வரும் மிஸி: கைக்கு ஐந்து நட்சத்திரம், கையெழுத்துக்கு இரண்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவையை நடத்தும் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று எங்கள் மிஸியிடம் கேட்டேன். "வேணாங்க்கா, நீங்க ரெண்டு குறை எழுதுவீங்க, அந்த ரெண்டும் என் தலையிலதான் விடியும்" என்றார். நியாயம்தான். மலேசியாவின் பினாங்குத் தீவில் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் தனியார் சேவைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்றை நாங்கள் நான்கு மாதம் வைத்திருந்தோம். 41 தடவை மிஸி வந்து போயிருக்கிறார். நீங்களும் இப்படி ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் ஊரில் நர்ஸ் என்றால் மிஸி. பத்திரிகையில் தாதி என்று எழுதுவார்கள், வீட்டில் மிஸிதான்.

அம்மாவுக்கு 81 வயது. 25 வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். நாட்டில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. எங்கள் குடும்பத்தில் எடுத்தால் இரண்டு பேரில் ஒருவர் வருவார். ஆனாலும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கேசரி மிஞ்சியதாகச் சரித்திரம் இல்லை.

தைப்பூசத்தன்று அம்மா தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குச் செருப்பில்லாமல்தான் நடப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். சொன்னால் கேட்கவில்லை. காலை பதினோரு மணித் தார் ரோடு. பாதத்தில் உணர்ச்சி குறைந்து வருடக்கணக்காகிவிட்டதால் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது கட்டைவிரலுக்குக் கீழே தோல் ஒரு பக்கமாகச் சுருண்டு தொங்கியதை நான்தான் பார்த்தேன். அம்மா தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த மோரில் உப்பு பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று வாரம் அரசாங்கக் கிளினிக்குக்குத்தான் போனோம். அங்கே பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), அம்மாவின் வயதுக்கு அதுவும் கிடையாது. கட்டுப் போடும் மிஸிகளையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை எங்கள் படிக்கட்டு. நாங்கள் இருப்பது சுங்கை டுவாவில், மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில், நான்காவது மாடியில். 64 படி. புண் உள்ள காலை ஊன்றக் கூடாது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள், அதைக் கேட்டுக்கொள்வதற்கே 64 படி ஊன்றி இறங்க வேண்டியிருக்கிறது. நான்காவது வாரம் நான் போனை எடுத்தேன்.

பதிவு செய்வது சுலபம். வாட்சாப்பில் புண்ணின் படம், சாப்பிடும் மருந்துகளின் படம், முகவரி. மறுநாளே ஆள் வந்துவிட்டது. ஒரு தடவைக்கு 90 வெள்ளி, புண்ணுக்கு வைக்கும் பொருள்கள் தனி. முதலில் வாரத்துக்கு மூன்று முறை, பிறகு இரண்டு, இப்போது ஒன்று. என்னைப் போல் பென்ஷன் வாங்கும் பள்ளிக்கூடக் கிராணிக்கு (குமாஸ்தாவுக்கு) இது சின்னக் காசு இல்லை. தம்பி பாதி போடுகிறான்.

எங்களுக்கு வந்த மிஸிக்கு நாற்பது வயது இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் 17 வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர், காயப் பராமரிப்பில் போஸ்ட் பேசிக் என்ற மேல்பயிற்சி முடித்தவர். மோட்டாரில் வருவார். கீழே ஹெல்மெட்டைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அம்மா காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பழைய கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் அதன்மேல் நார்மல் சலைன் என்ற உப்பு நீரை ஊற்றி ஊறவிடுவார். "ஒட்டிக்கிட்டிருக்கிறதை இழுத்தா புதுசா வந்த சதையும் கூடவே வந்துரும்க்கா." கட்டைப் பிரித்ததும் புண்ணைப் பார்க்கமாட்டார், பிரித்த துணியைப் பார்ப்பார்: எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தும் பார்ப்பார். முதல் நாள் எனக்குக் குமட்டியது. அப்புறம் தாளில் அச்சடித்த ஒரு சின்ன ஸ்கேலைப் புண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படம். முதல் நாள் 3.2 சென்டிமீட்டர் நீளம், 2.4 அகலம். அதை ஒரு நோட்டில் எழுதுவார். எங்கள் வீட்டிலேயே இருக்கும் நோட்டு, நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு. நிறுவனத்தின் செயலியில் எழுதுவது தனியாம். "செயலி ஆபீசுக்கு, நோட்டு உங்களுக்கு" என்பார்.

இரண்டாவது வாரம் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை எடுத்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பத்து இடங்களில் லேசாகக் குத்தினார். வளையும்போது சரியாக 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் இழை அது. குத்தும்போது சொல்லுங்க பாட்டி என்றார். அம்மா மூன்று இடத்தில் சொன்னார். நான்காவது இடத்தில் மிஸி குத்தவே இல்லை, ஆனால் அம்மா "ஆமா" என்றார். மிஸி என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. 25 வருடமாக எத்தனையோ கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். அம்மாவின் கால் எந்த அளவுக்கு மரத்துவிட்டது என்பது எனக்கு விளங்கியது அந்த நிமிடத்தில்தான். அன்றே வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு வாங்கினேன்.

பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பதும் ஒவ்வொரு முறையும் உண்டு. "இது கிடைக்காம போனா நான் கட்டுப் போட மாட்டேன், நேரா பெரிய ஆஸ்பத்திரிதான்" என்று முதல் நாளே சொல்லிவைத்தார். தான் எங்கே நிற்க வேண்டும் என்று வந்த அன்றே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். சின்னது முதலில். இரண்டு முறை முன்னறிவிப்பில்லாமல் வேறு ஆளை அனுப்பினார்கள். அதில் ஒரு பெண் நோட்டைத் திறக்கவே இல்லை, அம்மாவிடம் புண் எப்போது வந்தது என்று முதலிலிருந்து கேட்டார், அம்மாவும் மோரிலிருந்து ஆரம்பித்தார். இன்னொன்று, வெள்ளி உலோகம் கலந்த டிரெஸ்ஸிங் ஒன்றுக்கு அவர்கள் போடும் விலையும் கீழே பார்மசியில் விற்கும் விலையும் ஒன்றில்லை. கேட்டால் நாமே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை. இவையெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை.

பெரிய குறை ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மிஸி கட்டைப் பிரித்தார். நனைந்த துணியில் நிறம் மாறியிருந்தது. புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார், மற்றக் காலிலும் வைத்துப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, சிவப்பு முடியும் இடத்தில் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் 5:10 என்று நேரத்தையும் எழுதினார். எங்கள் பள்ளியில் வெள்ளம் வந்தபோது சுவரில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டோமே, அதே மாதிரி. "இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுக்கா. தாண்டினா அவசரப் பிரிவு. தாண்டலேன்னாலும் இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும்."

"என்ன மருந்து?"

"அதை டாக்டர் சொல்லணும்."

"உங்களுக்குத் தெரியும்ல?"

மிஸி கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். தெரியும் என்று சொல்லவில்லை.

நிறுவனத்துக்கு ஒரு டாக்டர் உண்டு. மிஸி படம் அனுப்பினால் அவர் பார்த்துவிட்டு அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டும். அதுதான் விளம்பரத்தில் "டாக்டரின் மேற்பார்வையில்" என்று போட்டிருப்பது. படம் 5:20-க்குப் போனது. மறுநாளிலிருந்து மூன்று நாள் விடுமுறை, பினாங்குப் பாலத்தில் கார்கள் நகரவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். டாக்டர் எங்கே மாட்டிக்கொண்டாரோ. மிஸி ஏழு மணி வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார், அடுத்த வீட்டுக்கு லேட் என்று இரண்டு போன் வந்தது. கிளம்பும்போது, "எட்டு மணிக்கு மேல காத்திருக்காதீங்க, பக்கத்துக் கிளினிக்குக்குப் போயிருங்க" என்றார்.

எட்டு மணிக்குப் போனோம். மூன்றாவது மாடி மலாய்க்காரத் தம்பியும் அவர் அண்ணனும் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, 64 படி இறக்கினார்கள். அம்மா வழியெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று மலாயில் சொல்லிக்கொண்டு, ஊர்வலத்தில் வருகிற சாமி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளினிக்கில் ஒரு மணி நேரம் காத்திருந்து, டாக்டர் பார்த்தது நாலு நிமிடம். பேனாக் கோட்டைப் பார்த்ததும், "யார் போட்டது? நல்ல வேலை" என்றார். மருந்து எழுதப் போனவர் நிறுத்தி, "கிட்னி ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டார். நான் விழித்தேன். பிறகுதான் நீல நோட்டு நினைவுக்கு வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு அம்மாவின் அரசாங்கக் கிளினிக் கார்டிலிருந்து மிஸி எல்லா எண்களையும் பார்த்து எழுதியிருந்தார், கிட்னி எண் உட்பட. டாக்டர் அதைப் பார்த்து அளவைக் குறைத்து எழுதினார். மொத்தம் 85 வெள்ளி. மருந்தின் பெயரை இங்கே போடவில்லை, யாராவது இதைப் படித்துவிட்டுப் பார்மசியில் போய்க் கேட்பார்கள்.

திரும்பி வந்து இரண்டாவது மாடியில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது என் போன் டிங் என்றது. மணி 9:40. நிறுவனத்தின் டாக்டர். "நேரில் ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது."

திங்கட்கிழமை மிஸியிடம் மருந்துப் பையைக் காட்டினேன். பார்த்தார். "ம், அதேதான்" என்றார். அளவைப் பார்த்துவிட்டு, "கிட்னி பார்த்துக் குறைச்சிருக்காரு, நல்ல டாக்டர்" என்றும் சொன்னார். மிஸிக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இது சாட்சி. டாக்டர் கேட்ட ஒரு கேள்வியும் வீண் போகவில்லை என்பதற்கும் இதுவே சாட்சி. அந்தக் கேள்விக்குப் பதில் மிஸியின் நோட்டில்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு ஆத்திரம் அந்த நாலு நிமிட டாக்டர் மேல் இல்லை. 5:20-க்கும் 9:40-க்கும் நடுவில் கிடந்த நேரத்தின் மேலும், அந்த 64 படியின் மேலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அக்கா மகள் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் வருவாள், அவளுக்கு அது காலை ஏழு. அவளும் மிஸிதான், ஆனால் அங்கே அவளுடைய படிப்புக்கு வேறு பெயர்: நர்ஸ் பிராக்டிஷனர். நர்ஸ் வேலைக்கு மேல் முதுகலை படித்து, நோயாளியைச் சோதித்து, நோய் இன்னதென்று சொல்லி, மருந்தும் எழுதக்கூடியவர்கள். பாட்டியின் கால் கோட்டைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது: "சித்தி, இதுல பாதியை நானே அனுபவிச்சிருக்கேன்."

அவள் முதலில் டெக்சஸ் மாநிலத்தில், எல் பாசோவில் இருந்தாள். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத வேண்டுமென்றால் ஒரு டாக்டரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அந்த டாக்டர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. மாதா மாதம் பேசி, சில நோயாளிகளின் குறிப்புகளைப் பார்த்தால் போதும். ஒரு டாக்டர் இப்படி ஏழு பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, அது 2013-இல் வந்த சட்டம். ஒப்பந்தத்துக்கு டாக்டருக்கு மாதக் கட்டணம் உண்டு. அவள் கிளினிக் கட்டிய கட்டணம் தன் வீட்டு வாடகையில் பாதி என்றாள். ஒரு முறை அந்த டாக்டர் திடீரென்று ஓய்வு பெற்றபோது, வேறு கையெழுத்து கிடைக்கும்வரை ஒன்பது நாள் அவளால் ஒரு இரத்த அழுத்த மாத்திரைகூட எழுத முடியவில்லை. நோயாளிகள் அதே நோயாளிகள், மேசை அதே மேசை.

பிறகு லாஸ் குருசஸ் என்ற ஊருக்கு மாறிவிட்டாள். எல் பாசோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் அது நியூ மெக்சிகோ மாநிலம். அங்கே 1993-லிருந்தே நர்ஸ் பிராக்டிஷனர் டாக்டரின் ஒப்பந்தம் இல்லாமல் தனியாக வேலை செய்யலாம். பினாங்கிலிருந்து சுங்கை பட்டாணி போகிற தூரம்தான் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாநில எல்லைப் பலகையைத் தாண்டியதும் அவளுக்குத் தெரிந்தது எதுவும் கூடவில்லை, குறையவும் இல்லை. கையெழுத்துக்கு மட்டும் மதிப்பு வந்துவிட்டது.

அங்கே சுகாதாரத் தொழில்களுக்கான உரிமம் மாநிலத்தின் கையில் இருப்பதால் இப்படி. இப்போது பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்தச் சுதந்திரம் வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. நியூயார்க்கில் 3,600 மணி நேர அனுபவத்துக்குப் பிறகு. ஃபுளோரிடாவில் 2020-இல் வந்த சட்டப்படி டாக்டரின் மேற்பார்வையில் 3,000 மணி நேரம், அதுவும் அடிப்படை மருத்துவத்துக்கு மட்டும். கலிஃபோர்னியாவில் அதே 2020-இல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார், அங்கே இரண்டு படிகளாக ஏற வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கம் இதையெல்லாம் எதிர்த்துக்கொண்டே வருகிறது. டாக்டர் படிக்கிற வருடங்கள் எங்கே, இவர்கள் படிக்கிற வருடங்கள் எங்கே என்பது அவர்கள் கேள்வி.

அக்கா மகள் அதற்கு ஓர் ஆய்வை எடுத்துப் போட்டாள். 2000-ஆம் ஆண்டு அந்தச் சங்கத்தின் இதழிலேயே வெளிவந்ததாம். நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் ஒரு பகுதியை டாக்டரிடமும் அனுப்பி, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது உடல்நிலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. "ஆறு மாசம்தானேடி, பாட்டிக்கு இனிப்பு நீர் 25 வருஷம்" என்றேன். "சித்தி, நீங்க மருத்துவச் சங்கத்துல சேர்ந்துருங்க" என்றாள்.

இந்தப் பேச்சை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "இதுல என்ன புதுசு? நம்ம டிரெஸ்ஸர் ஐயா செய்யாததா?" என்றார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அம்மா பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்ட ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை, நாலு கட்டில், ஒரு டிரெஸ்ஸர். பால் மரம் வெட்டும்போது கை கிழித்துக்கொண்டால் தையல் போடுவது அவர், காய்ச்சலுக்குக் கலர் தண்ணி கலப்பது அவர், லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இடுப்பு வலி எடுத்தால் ராத்திரி டார்ச் லைட்டோடு வருவதும் அவர்தான். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வருவார், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு துரை பங்களாவில் தேநீர் குடித்துவிட்டுப் போவார். டிரெஸ்ஸரைப் பற்றி அம்மாவுக்குப் பக்தி ஒன்றும் இல்லை. தன் தம்பியின் வயிற்று வலியைப் பூச்சி என்று சொல்லி மூன்று நாள் கலக்கிக் கொடுத்ததையும், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குடல் வெடித்துவிட்டது என்று சொன்னதையும் அவர் மறக்கவில்லை. மாமா பிழைத்துக்கொண்டார்.

தேடிப் பார்த்தேன், இந்த டிரெஸ்ஸர்களை, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1965-இல் போட்டது. அதே 1965-இல்தான் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். அங்கேயும் காரணம் நம் கதைதான்: கிராமப்புறத்துப் பிள்ளைகளைப் பார்க்க டாக்டர் பத்தவில்லை. அந்த அம்மையார் 2025 ஜனவரியில், 104 வயதில் காலமானார். அவர் போட்ட விதை முதுகலைப் படிப்பாக வளர்ந்தது. நம் டிரெஸ்ஸர்கள் தோட்டங்கள் குறையக் குறையக் கூடவே குறைந்துபோனார்கள்.

இங்கே மிஸிக்கு என்ன நிலைமை என்றால், 1950-ஆம் ஆண்டு தாதியர் சட்டம்தான் அடிப்படை. தாதியர் வாரியத்தில் பதிவு, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழ். மருந்து எழுதும் விஷயம் 1952-ஆம் ஆண்டு விஷப் பொருள்கள் சட்டத்தில் வருகிறது. எங்களுக்கு வேண்டியிருந்த வகை மருந்தை எழுதித்தர டாக்டர், பல் டாக்டர், கால்நடை டாக்டர் ஆகியோருக்கு இடம் உண்டு. மாட்டு டாக்டர் மாட்டுக்கு எழுதலாம், மிஸி பாட்டிக்கு எழுத முடியாது. அமெரிக்கா மாதிரி ஒரு மாநிலம் முந்திக்கொள்ளவும் வழியில்லை. மருத்துவம், ஆஸ்பத்திரி எல்லாம் கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. கொம்தாரில் இருக்கும் மாநில அரசாங்கத்துக்காரர்கள் எவ்வளவு நல்ல மனதுக்காரர்களாக இருந்தாலும் இது நாடாளுமன்றத்து வேலை. சிங்கப்பூரில் மேல்நிலைத் தாதியர் என்று தனிப் பதிவேடே இருக்கிறது, அவர்களில் பயிற்சி பெற்றவர்கள் 2018-லிருந்து ஆஸ்பத்திரியின் ஒப்பந்தத்துக்கு உட்பட்டு மருந்து எழுதுகிறார்கள். ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

இதையெல்லாம் மூச்சு விடாமல் எங்கள் மிஸியிடம் சொல்லிவிட்டு, "உங்களுக்கு இந்த அதிகாரம் கொடுத்தா எடுத்துப்பீங்களா?" என்று கேட்டேன். கட்டுப் போட்டு முடித்து ஓரத்தை ஒட்டிக்கொண்டிருந்தவர் உடனே பதில் சொல்லவில்லை.

"புண்ணுக்கு எடுத்துப்பேங்க்கா. என்ன டிரெஸ்ஸிங் வைக்கிறது, சீழ் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறது, முதல் மூணு நாள் மருந்து. அது போதும். நெஞ்சு வலிக்குதுன்னு யாராச்சும் என்கிட்ட வந்தா நான் ஓடிருவேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா தப்பு நடந்தா என் பேரு. இப்ப டாக்டர் பேரு. அதுக்குச் சம்பளமும் சேர்த்துக் கொடுக்கணும்ல?" என்றார். அவர் மணிக்கணக்கில் என்ன வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும், அவர் என்னை நம்பிச் சொன்னதால் இங்கே எழுதமாட்டேன். 90-இல் அது சின்னப் பங்கு.

ஆகவே, நீங்கள் இப்படி ஒரு சேவையை எடுக்கப் போகிறீர்கள் என்றால் மிஸி எப்படி என்று மட்டும் விசாரிக்காதீர்கள், மிஸிகள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருப்பார்கள். அந்த வருடத்துத் தொழில் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார், எங்கள் மிஸி கேட்பதற்கு முன்பே போனில் காட்டினார். அப்புறம் நிறுவனத்திடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்து வேண்டுமென்றால் உங்கள் டாக்டர் எத்தனை மணி நேரத்தில் பேசுவார்? "உடனே" என்று சொன்னால் நம்பாதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அந்த நாலு நிமிட டாக்டரின் கிளினிக் எண்ணை நீல நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, மிஸியையும் அவரையும் ஒரு வாட்சாப் குழுவில் சேர்த்துவிட்டேன். குழுவின் பெயர் "அம்மா கால்". அதற்கப்புறம் இரண்டு முறை சந்தேகம் வந்தது, இரண்டு முறையும் அரை மணி நேரத்துக்குள் பதில்.

இன்றைய அளவு 0.6 சென்டிமீட்டர். பச்சைப் பயறு ஒன்றை நசுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. அம்மா வீட்டுக்குள் செருப்போடு நடக்கிறார், பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றப் பார்க்கிறார், நான் கத்துகிறேன்.

நட்சத்திரம்: மிஸிக்கு ஐந்து, மேலே இருந்தால் அதையும் கொடுப்பேன். பதிவு, நேரம், கணக்கு இவற்றுக்கு மூன்றரை. "டாக்டரின் மேற்பார்வைக்கு" இரண்டு. அதில் ஒன்று, அந்த வரியை விளம்பரத்தில் எழுத்துப் பிழையில்லாமல் போட்டதற்கு.

எழுதி முடித்து அனுப்பலாம் என்று இருந்தபோது கடைசி மாதத்து பில் வந்தது. பொருள்களுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: "மருத்துவர் ஆலோசனை, ஏப்ரல், 40 வெள்ளி." நேரில் ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கா என்று நேற்றுக் காலை கேட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.